ஷேட் கார்டு சார்

நைட் ஷிப்ட் முடித்து வீட்டுக்கு வந்து, நாலு இட்லியை விழுங்கிவிட்டுப் படுத்தவனைப் பத்து மணிக்கு எழுப்புகிறவர்கள் நெய்வேலியில் மூன்று பேர். கேஸ் சிலிண்டர் போடுகிறவர், பலாப்பழம் விற்கிறவர், ஷேட் கார்டு சார். முதல் இரண்டு பேரும் வாசலோடு போய்விடுவார்கள்.

சாருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. ஆனால் டவுன்ஷிப்பில் பிளாக்குக்கு ஒருவர் இப்படி இருப்பதால் பெயரைச் சொல்லிப் புண்ணியமில்லை. சைக்கிளை ஸ்டாண்டு போடும் சத்தமே அடையாளம். உள்ளே வந்ததும் உட்காரமாட்டார். பண்ருட்டிப் பக்கம் பலாப்பழத்தைத் தட்டிப் பார்ப்பதுபோல நடுவிரல் கணுவால் சுவரைத் தட்டுவார். 'டொக் டொக்' என்றால் தலையசைப்பு. 'டப் டப்' என்றால் முகம் மாறும்.

"பூச்சு விட்டுருக்கு தம்பி. உள்ள காத்து. இதும்மேல நீங்க தங்கத்தையே பூசினாலும் நிக்காது."

யாரும் எதையும் பூசப்போவதாகச் சொல்லவில்லை. என் மனைவி முந்தின நாள் மெயின் பஜாரில், பெண்ணுக்கு மஞ்சள் நீராட்டு வருகிறது, ஹாலுக்குப் பெயின்ட் அடிக்கவேண்டும் என்று யாரிடமோ சொன்னாளாம். அவ்வளவுதான். டவுன்ஷிப்பில் செய்தி பஸ்ஸைவிட முன்னே போகும்.

குவார்ட்டர்ஸ் சுவர் நமக்குச் சொந்தமில்லை. ரிட்டையரான பிறகு சாவியைக் கொடுத்துவிட்டுப் போகவேண்டியதுதான். அது எல்லாருக்கும் தெரியும். இருந்தும் விசேஷம் என்று வந்தால் கைக்காசு போட்டு அடிப்போம். சொந்தமில்லாத சுவர்மேல் வரும் பாசம் தனி ரகம். சார் முப்பது வருஷமாக அந்தப் பாசத்தில் வாழ்கிறவர்.

அடுத்து உள்ளங்கையால் சுவரைத் தேய்த்து என் முன்னால் நீட்டினார். விபூதி அள்ளியதுபோல வெள்ளை. "பழைய சுண்ணாம்பு. சொரண்டணும். சொரண்டி, உப்புத்தாள் போட்டு, தூசியைத் துணியால தொடச்சு, பிரைமர், பட்டி, மறுபடி உப்புத்தாள், மறுபடி பிரைமர், அப்புறம்தான் எமல்ஷன். சுண்ணாம்பு மேலயே எமல்ஷன் அடிச்சா என்ன ஆகும் தெரியுமா? அப்பளம்." விரல்களை அப்பளம் உரிவதுபோல விரித்துக் காட்டினார். பெயின்டர் சொன்னால் நாம் நம்பமாட்டோம், கூலியைக் கூட்டுவதற்காகச் சொல்கிறார் என்போம். சார் சும்மா சொல்வதால் நம்பவும் முடியவில்லை, மறுக்கவும் முடியவில்லை.

ஜன்னலுக்குக் கீழே ஓதம் ஏறிய இடத்தைப் பார்த்ததும் மனிதருக்கு உற்சாகம் பிறந்தது. அவர் வேலை பார்த்தது சுரங்கத்தில் நிலத்தடி நீர் பம்புகளோடு. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு அடியில் தண்ணீர் அழுத்தத்தோடு மேல்நோக்கி முட்டிக்கொண்டிருக்கும். அதை ராப்பகலாக இறைத்து அழுத்தத்தைக் குறைத்தால்தான் மேலே மண்ணை வெட்டவே முடியும். இந்த ஒரு விஷயத்திலிருந்து சார் உலகத்தின் எல்லாப் பிரச்சினைக்கும் வழி கண்டுபிடித்துவிட்டார்.

"1935-ல ஜம்புலிங்க முதலியார் நெலத்துல தண்ணிக்குத் துளை போட்டப்ப கறுப்பா வந்துச்சு. 1957-ல நேரு வந்து சொரங்கத்தைத் தொடங்கி வெச்சாரு. அன்னையிலேருந்து நாம என்ன பண்றோம்? மொதல்ல தண்ணியை எடுக்குறோம், அப்புறம் வெட்டுறோம். அத்தாம்பெரிய சொரங்கத்துக்கே அதான் முறை. நீங்க செவுத்துல ஓதத்தை வெச்சுக்கிட்டு மேல கலர் அடிக்கப் போறீங்களா?"

மனைவியிடம் ஒரு பால் கவரைக் கேட்டு வாங்கினார். வெட்டி விரித்து, துடைத்து, ஓதம் தெரிந்த இடத்தில் நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டினார். மறுநாள் வந்து பார்ப்பாராம். கவருக்கும் சுவருக்கும் நடுவே நீர் கோத்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. கவரின் வெளிப்பக்கம் வியர்த்திருந்தால் ஈரம் அறைக் காற்றில் இருக்கிறது, ஜன்னலைத் திறந்து வைத்தாலே போதும். மறுநாளும் நைட் ஷிப்ட். மறுநாளும் பத்து மணி. நீர் உள்பக்கம் கோத்திருந்தது. பின்பக்கம் குழாய் ஒன்று சுவரை ஒட்டிச் சொட்டிக்கொண்டிருந்தது. நான்தான் ஆறு மாதமாக அதற்கொரு துணியைச் சுற்றி வைத்திருந்தேன். சார் அந்தத் துணியைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

ஐப்பசி, கார்த்திகையில் பெயின்ட் பேச்சையே எடுக்கக் கூடாது என்பது அவர் சட்டம். கடலூர் மாவட்டத்து மழையில் சுவர் காயாது. தை பிறந்தால் வழி மட்டுமல்ல, பெயின்டும் பிறக்கும்.

கணக்கு சொல்லும்போது மேலே விட்டத்தைப் பார்த்துக் கண்ணை மூடிக்கொள்வார். "பன்னெண்டுக்குப் பத்து ரூம். சுத்தளவு நாப்பத்து நாலு. உயரம் பத்து. நானூத்து நாப்பது. கதவு இருபத்தொண்ணு, ஜன்னல் ரெண்டும் முப்பத்திரண்டு கழிச்சா முன்னூத்து எம்பத்தேழு. சீலிங் நூத்திருபது. மொத்தம் ஐநூத்தி ஏழு சதுர அடி. ஒரு லிட்டர் எத்தனை சதுர அடி போகும்னு டப்பாவுலயே போட்டிருப்பான், அதால வகுங்க. கடைக்காரன் சொன்னான்னு இருபது லிட்டர் தூக்கிட்டு வந்து, மிச்சத்தை பாத்ரூம் பரண்ல பத்து வருஷம் அடைகாக்காதீங்க." எங்கள் பரணில் இரண்டு டப்பா இருப்பது அவருக்கு எப்படித் தெரிந்தது என்று தெரியவில்லை.

பிறகுதான் பையிலிருந்து அது வெளியே வந்தது. விசிறி மாதிரி விரியும் ஷேட் கார்டு. அட்டை நைந்து, ஓரத்தில் எண்ணெய் இறங்கி, சுருதிப்பெட்டி மாதிரி ஆகியிருந்தது. அதில் கம்பெனிக்காரன் வைத்த பெயர்களை அவர் மதிப்பதே இல்லை. காப்பிக் கனவு, பாலைவனக் காற்று என்றெல்லாம் சொன்னால் அவருக்குப் புரியாது. சுரங்கத்துப் பெயர்தான். "இது மேல்மண் செவப்பு. இது அதுக்குக் கீழ வர்ற மஞ்ச மணல். இது களிமண் வெளுப்பு. இந்தா, இதான் லிக்னைட். கறுப்புன்னு சொல்லாதீங்க, பழுப்பு. வெயில்ல காஞ்சா இன்னும் வெளுக்கும்." என் மனைவி சிவப்பில் கை வைத்தாள். "வேணாம்மா. வாசல்ல இருக்கிற செம்மண்ணே போதும். ஹாலுக்குள்ள வேற மைன்ஸா?"

சின்ன அட்டையில் பார்க்கும் நிறம் நாலு சுவரில் ஏறினால் ஒன்றோடொன்று பிரதிபலித்து இன்னும் அடர்த்தியாகிவிடும். அதனால் மனசுக்குப் பிடித்ததிலிருந்து இரண்டு படி வெளுப்பாக எடுக்கவேண்டும். அதையும் இரண்டடிக்கு இரண்டடி சுவரில் அடித்து, காலையில் ஒருதரம், உச்சியில் ஒருதரம், விளக்குப் போட்டு ஒருதரம் பார்க்கவேண்டும். இந்த இடத்தில் சார் குரல் தணியும். ரகசியம் சொல்கிறார் என்று அர்த்தம்.

"பெயின்ட் கடையில பாதிக் கலர்தான் தம்பி விக்கிறான். மீதிப் பாதி பல்புக் கடையில இருக்கு."

இந்த விளக்கு விஷயத்தில்தான் எதிர்வீட்டு பாய்லர்காரருக்கும் அவருக்கும் தீராத வழக்கு. பல்பு அட்டையில் 3000 கெல்வின் என்று இருந்தால் மஞ்சள் வெளிச்சம், 6500 என்று இருந்தால் நீலம் கலந்த வெள்ளை. கெல்வின் சூட்டின் அளவு, ஆனால் அந்த நீல வெள்ளையைத்தான் சார் குளிர்ச்சி என்பார். அனல்மின் நிலையத்தில் உலையோடு குடித்தனம் நடத்துகிறவர் இதை எப்படி ஒப்புக்கொள்வார்? "சூடு ஏற ஏறக் குளிர்ச்சின்னு சொல்றீங்களே, எந்த ஊரு நியாயம்?" என்பார். நியாயம் இருக்கத்தான் செய்கிறது. இரும்பைக் காய்ச்சினால் முதலில் சிவப்பு, பிறகு மஞ்சள், பிறகு வெள்ளை. இன்னும் ஏற்ற முடிந்தால் நீலச்சாயல். நம் கண்தான் நீலத்தைக் குளிர்ச்சி என்கிறது. சார் இதை இப்படி விளக்கமாட்டார். "ரெண்டு பல்பையும் வாங்கிப் போட்டுப் பாருங்க" என்பார். வாதத்தில் தோற்று, வேலையில் ஜெயிக்கிற ஜாதி.

வாட்டைப் பார்த்து வாங்குகிறவர்களிடம் அவருக்குப் பரிதாபம். பழைய அறுபது வாட் குண்டு பல்பு கொடுத்த வெளிச்சம் ஏறக்குறைய 800 லூமன். அதை இன்று 9 வாட் எல்.ஈ.டி. கொடுத்துவிடுகிறது. வாட் நாம் கட்டுகிற காசு, லூமன் நமக்குக் கிடைக்கிற சரக்கு என்பார். தென்னாட்டுக்கே மின்சாரம் அனுப்புகிற ஊரில் பெண்கள் தங்கள் நிழலிலேயே வெங்காயம் அரிகிறார்கள் என்பது அவர் நெஞ்சில் தைத்த முள். எங்கள் சமையலறையிலும் ட்யூப் லைட் முதுகுக்குப் பின்னால்தான். அதைப் பிடுங்கி, மேடைக்கு மேலே அலமாரியின் அடியில் ஒரு பட்டை விளக்கை மாட்ட வைத்தார். அன்று ரசத்தில் கிடந்த கல்லை முதல்முறையாகச் சாப்பிடுவதற்கு முன்பே பார்த்தோம்.

எல்லாம் சரி. எனக்கு வேண்டியது வெளிச்சம் அல்ல, இருட்டு. பகலில் தூங்குகிறவன் வேறென்ன கேட்பான்? படுக்கை அறைக்குக் கரும்பச்சை அடித்தால் தூக்கம் வருமா என்று கேட்டேன். சார் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "செவுத்துல கறுப்பே அடிச்சாலும் ஜன்னல் வழியா வர்ற வெயில் வந்துக்கிட்டேதான் இருக்கும். கெட்டியான திரைத்துணி ரெண்டு மடிப்பாத் தெச்சுப் போடுங்க, ஜன்னலைவிட அரை அடி அகலமா. அப்புறம் ஒண்ணு..." நான் காத்திருந்தேன். "காலிங் பெல்லைக் கழட்டிடுங்க."

பிறகு சார் ரிட்டையராகி வடலூர் பக்கம் சொந்த வீடு கட்டிக்கொண்டு போனார். கிரகப்பிரவேசத்துக்குப் போனபோது ஹாலில் பெயின்ட் அடிக்கவில்லை. புதுப் பூச்சு காயட்டும் என்றார். நியாயம். எட்டு மாதம் கழித்துப் போனோம். சுவர் முழுக்க இரண்டடிக்கு இரண்டடிச் சதுரங்கள். எண்ணிப் பார்த்தேன், பத்தொன்பது. ஒவ்வொன்றின் கீழும் பென்சிலில் தேதி, 'காலை', 'மாலை', 'மழை நாள்' என்று குறிப்பு. நடுவில் விட்டத்திலிருந்து ஒரு பல்பு நீள ஒயரில் தொங்கியது, எந்தச் சதுரத்துக்கு வேண்டுமானாலும் இழுத்துக் காட்டும்படி. சாரின் மனைவியை நாங்கள் அக்கா என்போம். அக்கா மூன்று சதுரங்களை மறைத்துக் காலண்டர் மாட்டியிருந்தார்.

"வர்ற வெள்ளிக்கெழம பெயின்டர் வர்றாரு" என்றார் அக்கா, காப்பியை வைத்துக்கொண்டே.

"என்ன கலர்க்கா?"

"வெள்ளை."

சார் எழுந்தார். "வெள்ளைன்னா எந்த வெள்ளை? அதுலயே பன்னெண்டு இருக்கு" என்று சொல்லிக்கொண்டே உள்ளறைக்கு அட்டையை எடுக்கப் போனார். "இருங்க தம்பி, இருட்டினப்புறம் ஒருதரம் பாத்துட்டுப் போகலாம்."

அக்கா தோசைக்கல்லை அடுப்பில் ஏற்றினார்.