ஒரு வாசல், இரண்டு ஆண் நாய்: மணி – முத்து வழக்கு குறித்த ஓர் ஆய்வு

ஆய்வுப் பொருள்

ஒரே வீட்டில் இரண்டு ஆண் நாய்களை வளர்க்கலாமா என்பது விருத்தாசலம் டீக்கடைகளில் தீர்ப்பாகாமல் கிடக்கும் வழக்கு. "ஒரு உறையில ரெண்டு கத்தி இருக்குமா?" என்பது ஒரு கட்சி. "ரெண்டும் ஒரே தாய் வயித்துப் பிள்ளைங்க, எப்படிங்க சண்டை போடும்?" என்பது மறு கட்சி. பங்காளித் தகராறில் கோர்ட்டுக்கு நடையாய் நடக்கிறவர்களே இரண்டாவது கட்சியில் அதிகம் இருக்கிறார்கள் என்பது இவ்வாய்வின் முதல் கண்டுபிடிப்பு.

ஆய்வுக் களம் பூதாமூர்ப் பக்கம் ஒரு வீடு. வீட்டுக்காரர் பீங்கான் தொழிற்பேட்டையில் சூளை பார்த்து ஓய்ந்தவர். எனக்குச் சித்தப்பா முறை. நாய்கள் ஒரே ஈற்று, நாட்டு நாய்கள். ஊர் ஆற்றின் பெயரை இரண்டாகப் பிய்த்து, பெரியதற்கு மணி என்றும் சின்னதற்கு முத்து என்றும் வைத்தார். மணிமுத்தாற்றில் தண்ணீர் மழைக்கு மழைதான் வரும். மணி – முத்துத் தகராறுக்குப் பருவம் கிடையாது.

முன்னோர் நிலை

இரண்டு ஆண் நாய்களை ஒரே வாசலில் கட்டிக் காத்தவர்களில் மூத்தவர் எமதர்மன். ரிக் வேதத்தின் பத்தாம் மண்டலத்தில் அவற்றைப் பற்றிய பேச்சு வருகிறது. சரமை என்ற தேவலோக நாயின் பிள்ளைகள். தலைக்கு நாலு கண். சியாமன், சபலன் என்று பின்னாளில் பெயரும் சொன்னார்கள். இரண்டும் ஒன்றையொன்று குதறிக்கொண்டதாக நான் படித்தவரையில் இல்லை. காரணம் வெளிப்படை. 'நாய்க்கு வேலையும் இல்லை, நிற்க நேரமும் இல்லை' என்ற பழமொழி எமன் வீட்டு நாய்களுக்குப் பொருந்தாது. அங்கே ஆள் வரத்து ஓய்வதே இல்லை.

மற்ற பெரியவர்களில் பலர் இந்த வம்புக்குப் போகவில்லை. பைரவர் ஒரு நாயோடு நிறுத்திக்கொண்டார். தருமரோடு கடைசிவரை மலையேறியதும் ஒன்றே ஒன்று. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில், 7ஆம் நூற்றாண்டில் மகேந்திரவர்மன் காலத்தில் நட்ட வீரக்கல் ஒன்று இருக்கிறது. கருந்தேவக்கத்தி என்ற வீரனோடு, கள்ளரைக் கடித்துக் காத்த கோவிவன் என்ற நாயையும் அதில் செதுக்கிப் பெயரும் பொறித்திருக்கிறார்கள். அங்கும் நாய் ஒன்றுதான். 2005இல் இந்திய அஞ்சல் துறை ராஜபாளையம் உட்பட நாலு நாட்டு இனங்களுக்குத் தபால் தலை வெளியிட்டபோது, நாலையும் நாலு தலையில் தனித்தனியாக அடைத்தது. இதைத் தற்காப்பு நடவடிக்கை என்றே கருத வேண்டும்.

கொள்கைகளும் அவற்றின் குறைபாடுகளும்

முதலாவது, தலைவன் கொள்கை. 1947இல் ருடால்ஃப் ஷெங்கல் என்பவர் சுவிட்சர்லாந்தின் பாசல் உயிரியல் பூங்காவில் அடைபட்டிருந்த ஓநாய்களைக் கவனித்து, அவை பதவிக்காக அடித்துக்கொள்கின்றன என்று எழுதினார். 1970இல் டேவிட் மெக் எழுதிய ஓநாய்ப் புத்தகம் இதை உலகமெங்கும் கொண்டுபோனது. அதே மெக் காட்டில் திரியும் ஓநாய்களை ஆண்டுக்கணக்கில் பார்த்துவிட்டு 1999இல் சொன்னது வேறு: கூட்டம் என்பது அப்பா, அம்மா, பிள்ளைகள், தலைவன் என்று நாம் சொன்னது அந்த வீட்டு அப்பாவைத்தான். சித்தப்பா இன்னும் 1947இலேயே நிற்கிறார். "எவன் லீடர்னு ஒரு தடவை முடிவாயிட்டா அடங்கிடும்ப்பா" என்றார். "இந்த வீட்டுல அது என்னைக்கு முடிவாச்சு?" என்று அடுப்படியிலிருந்து சித்தியின் குரல் வந்தது.

இரண்டாவது, கால்தூக்கல் கொள்கை. ஆண் நாய் அங்கங்கே நனைப்பது, 'இது என் எல்லை' என்று பட்டா எழுதுவது. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தார் 2018இல் வெளியிட்ட ஆய்வின்படி, உருவில் சின்ன ஆண் நாய்கள் காலை அதிகக் கோணத்தில் தூக்குகின்றன. பெரிய ஆள் வந்துபோனதாகக் காட்டிக்கொள்ளும் தந்திரமாக இருக்கலாம் என்பது அவர்கள் ஊகம். முத்து இதற்கு நடமாடும் சான்று. வாசலில் உள்ள விரிசல் விட்ட பீங்கான் பூந்தொட்டியில் மணியின் கையெழுத்துக்கு மேல் தன் கையெழுத்தைப் போட வேண்டி, காலை ஆகாயத்துக்குத் தூக்கி நிலைதடுமாறி விழுவதையும் கண்டிருக்கிறேன். ஆனால் விழுந்ததைப் பார்த்து மணி சிரிக்கவுமில்லை, சீறவுமில்லை. பட்டா மாறுதலில் கைகலப்பு வரவில்லை.

மூன்றாவது, கருத்தடைக் கொள்கை. ஊர் சுற்றுவதும், தெருப் பெண் நாயை முன்னிட்டு வரும் சண்டையும் இதனால் பெரும்பாலும் குறையும். இதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பெண் நாய்க்குப் பருவம் வருவது வருஷத்துக்கு ஏறக்குறைய இரண்டு முறை, முறைக்கு மூன்று வாரம். மிச்ச வாரங்களில் இவை எதற்காகக் கடித்துக்கொள்கின்றன என்பதற்கு இக்கொள்கையில் விடை இல்லை. தவிர, ஒரே வீட்டில் இரண்டு பெண் நாய்கள் முட்டிக்கொண்டால் அது இன்னும் கடுமையாகப் போவதும் உண்டு என்பது நாய் மருத்துவர்கள் அறிந்தது. ஆண்கள் இதைக் கேட்டு நிம்மதி அடைய வேண்டாம்.

கள ஆய்வு

சாயங்காலம் சித்தப்பா பழைய சோற்றில் கருவாட்டுத் தலையைப் பிசைந்து அலுமினியத் தட்டில் வைக்கிறார். தட்டு ஒன்று. இரண்டு மூக்குகளும் உள்ளே போகின்றன. சிறிது நேரத்தில் முத்து மெல்லுவதை நிறுத்துகிறது. வாயில் சோறு அப்படியே இருக்கிறது. தலை தட்டுக்கு மேல் கவிழ்ந்தபடி, கண் மட்டும் பக்கவாட்டில் திரும்ப, ஓரத்தில் வெள்ளை தெரிகிறது. முதுகு விறைக்கிறது. வால் உயர எழுந்து, கம்பி போல நின்று, நுனி மட்டும் ஆடுகிறது. "பாரு, வால ஆட்டுது. விளையாடுதுங்க" என்று சித்தப்பா சொல்லி முடிப்பதற்குள் தட்டு கவிழ்ந்தது. குறுக்கே கையை விட்டார். யார் கை என்று பார்த்துக் கடிக்கும் நிலையில் எந்த நாயும் இல்லை. விலக்கப்போகிறவர் கையை நீட்டக் கூடாது, ஒரு வாளித் தண்ணீரை வீச வேண்டும் என்பது விதி. விதியை மீறியவருக்கு அரசு ஆஸ்பத்திரியில் முதல் நாள், அப்புறம் 3, 7, 28ஆம் நாள்கள் என்று ஊசி.

சண்டை நடந்த இடங்களைக் குறித்துக்கொண்டே வந்தேன். சோற்றுத் தட்டு. திண்ணையில் வெயில் படாத ஒரு மூலை. ஒரு ஆள் மட்டும் நுழையக்கூடிய கேட்டு, யாராவது வந்து மணியடிக்கும்போது. சித்தியின் காலடி. நடக்காத இடங்கள்: ஆற்று மணல், ரயிலடி மைதானம், மேல்மாடி. ஆக, எது ஒன்றே ஒன்றாக இருக்கிறதோ அங்கேதான் சண்டை. நாய் இரண்டாக இருப்பது குற்றமில்லை. மற்றதெல்லாம் ஒன்றாக இருப்பதே குற்றம்.

இந்த உண்மை இவ்வூருக்குப் புதிதல்ல. பழமலைநாதர் கோயிலில் கோபுரம் ஐந்து, பிரகாரம் ஐந்து, கொடிமரம் ஐந்து, தேர் ஐந்து, நந்தி ஐந்து, பிள்ளையாரும் ஐந்து. யாருக்கும் எதற்கும் போட்டி வர இடமே வைக்காத ஏற்பாடு. சித்தப்பாவின் தொழிலும் இதையே சொல்லும். பளபளப்புப் பூச்சு பூசிய இரண்டு சாமான்களைச் சூளையில் ஒட்டி வைத்தால், பூச்சு உருகி, ஆறும்போது இரண்டும் ஒரே கட்டியாகப் பிடித்துக்கொள்ளும். பிரித்தால் இரண்டும் உடையும். "விரல் நுழையிற அளவு சந்து விடாதவன் சூளைக்காரனே இல்ல" என்று பையன்களை அதட்டியே காலம் தள்ளியவர் அவர். அந்தச் சந்தை வீட்டில் மட்டும் ஏன் விடவில்லை என்று கேட்டேன். "ஒரே தட்டுல தின்னா பாசம் வரும்ப்பா."

இந்தக் கருத்துக்கு எந்த நூலிலும் ஆதாரம் இல்லை. எல்லா வீட்டிலும் செல்வாக்கு இருக்கிறது.

சோதனை

வழக்கு அடுத்துச் சென்ற இடம் மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயில். கடன் வாங்கி ஏமாற்றியவர், நகை திருடியவர் என்று யார்மேல் குறை இருந்தாலும் அங்கே எழுதி முனியப்பர் சந்நிதியில் பிராது கட்டலாம். ஊர் எத்தனை கிலோமீட்டரோ அதற்குத் தக்க கட்டணம். உள்ளூர் என்பதால் சித்திக்குச் செலவு சொற்பம். வாதி என்று தன் பெயரை எழுதியவர், எதிரி யார் என்ற இடத்தில் மணி, முத்து இரண்டையும் விட்டுவிட்டுச் சித்தப்பா பெயரை எழுதினார். மேற்கோள் காட்டிய நூல்கள் அனைத்திலும் கிடைக்காத தெளிவு அந்த ஒரு வரியில் இருந்தது.

எதிரி மறுநாளே தொழிற்பேட்டைக்குப் போய், வாய் சற்றுக் கோணிய செகண்ட்ஸ் கிண்ணங்கள் இரண்டு வாங்கி வந்தார். பீங்கான் என்பதால் கனம்; நாய் முட்டினாலும் நகராது. மணிக்குக் கிணற்றடியில், முத்துவுக்குத் திண்ணையில், ஒன்றின் முகம் மற்றதற்குத் தெரியாதபடி சோறு. தின்று முடித்ததும் கிண்ணங்களை எடுத்துவிட வேண்டும். நிழலுக்கு இரண்டாவது சாக்கு. கேட்டில் ஆள் வந்தால் ஒன்று பின்கட்டுக்கு. சாயங்காலம் இரண்டையும் ஆற்றங்கரையில் பக்கத்தில் பக்கத்தில் நடத்திக் கூட்டிப்போவது. தட்டுச் சண்டை நின்றது. கேட்டுச் சண்டை குறைந்தது. சித்தி ஒருவரே என்பதால் காலடிச் சண்டை மட்டும் உறுமலாக மிச்சம் இருக்கிறது. அதற்கு இவ்வாய்வில் தீர்வு இல்லை, சித்திக்கு அதில் வருத்தமும் இல்லை.

குறை தீர்ந்தால் பிராதை வாபஸ் வாங்க வேண்டும். அங்கே புதுத் தகராறு. "கிண்ணம் வாங்குனது நானு, பேரு கொளஞ்சியப்பருக்கா?" என்கிறார் சித்தப்பா. "உங்கள வாங்க வச்சது யாரு?" என்கிறார் சித்தி.

முடிவுகள்

ஒன்று: ஒரே தாய் வயிறு என்பது சமாதான உடன்படிக்கை ஆகாது, நாய் ஒன்றிலிருந்து மூன்று வயதுக்குள் மனசால் பெரியதாகும்போது, அதுவரை இல்லாத தகராறும் தொடங்கலாம்.

இரண்டு: ஆடும் வால் எல்லாம் சந்தோஷ வால் அல்ல.

மூன்று: இரண்டாவது நாயைக் கொண்டுவருமுன் இரண்டாவது கிண்ணத்தை வாங்குக. கிண்ணத்துக்குக் காசு எடுக்க மனம் வராதவர் பைரவரைப் பின்பற்றுக.