மான் கொம்பைத் தேய்க்காதீர்கள்!

கேள்வி: தாத்தா வேட்டைக்குப் போன காலத்து இங்கிலாந்து ரைஃபிள் ஒன்று வீட்டில் இருக்கிறது. இரும்பில் மானும் இலைக்கொடியும் செதுக்கியிருக்கிறார்கள். கட்டையில் விரிசல், குழலில் துரு. பளபளவென்று தேய்த்து விற்றால் கூடுதல் விலை கிடைக்குமா?

பதில்: முதலில் அந்த உப்புத்தாளைக் கீழே வையுங்கள்! துருவோடு மானின் கொம்பும் போய்விடும். கொம்பில்லாத மானை ஆடு என்றுதான் விலை பேசுவார்கள். உளி இழுத்த கோட்டின் விளிம்பு கூர்மையாக இருக்கும்வரைதான் அந்தக் கைவேலைக்கு மதிப்பு. மெல்லிய எண்ணெய் தொட்ட துணியால் ஒற்றி எடுங்கள், போதும். பழைய கட்டையையும் தூக்கி எறியாதீர்கள். விரிசலைக் கைதேர்ந்தவர் ஒட்டித் தந்துவிடுவார். சுட்டுப் பார்க்கும் ஆசை மட்டும் வேண்டவே வேண்டாம். குழல் வெடித்தால் முகம் போய்விடும்.

அதைவிட அவசரம் ஒன்று உண்டு. தாத்தாவின் உரிமம் தாத்தாவோடு முடிந்தது. உங்கள் பெயரில் உரிமம் இல்லையென்றால், 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி துப்பாக்கியைத் தாமதிக்காமல் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். பழுது பார்ப்பவருக்கும் உரிமம் வேண்டும், வாங்குபவருக்கும் வேண்டும். விலையை அதன்பிறகு பேசலாம்.