கேளுங்கள், சொல்கிறோம்: நோட்டைக் காட்டலாமா?

கே: ஆராய்ச்சிக் குறிப்புகளை அச்சேறும் முன்பே பிறரிடம் காட்டினால் திருடிவிட மாட்டார்களா?
– ஆய்வு மாணவர், சாலவாக்கம்

ப: திருடுகிற அளவுக்கு உங்கள் கையெழுத்து புரிகிறதா? பாக்கியசாலி! தேதி போட்டுக் காட்டுங்கள். 1913 ஜனவரியில் சென்னைத் துறைமுகக் குமாஸ்தா ராமானுஜன், அச்சேறாத கணிதச் சூத்திரங்களைக் கேம்பிரிட்ஜில் இருந்த கணிதப் பேரறிஞர் ஹார்டிக்குத் தபாலில் அனுப்பினார். திருட்டுக்குப் பயந்திருந்தால், துறைமுகப் பேரேட்டோடு அவர் கணக்கும் முடிந்திருக்கும்.

கே: சின்ன உதாரணம் கொடுத்தால் ஆழமில்லை என்று நினைப்பார்களே?
– கணித ஆசிரியை, மானாம்பதி

ப: விரலை நீட்டுங்கள். 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1. நாலைப் பிரிக்க ஐந்து வழி. ஒன்பதுக்கு 30, பதினாலுக்கு 135. மூன்றுமே ஐந்தால் மீதியின்றி வகுபடும். கடைசி இலக்கம் 4 அல்லது 9 ஆக உள்ள எந்த எண்ணுக்கும் இப்படித்தான் என்று ராமானுஜன் நிறுவினார். மூன்றாம் வகுப்புப் பிள்ளை சரிபார்க்கலாம். நிறுவத்தான் ராமானுஜன் வேண்டும்.

கே: வரையறை கச்சிதமாக அமையும்வரை காத்திருப்பதுதானே முறை?
– பேராசிரியர், காஞ்சிபுரம்

ப: ராமானுஜன் காத்திருக்கவில்லை. 1920 ஜனவரியில் ஹார்டிக்கு எழுதிய கடைசிக் கடிதத்தில் 'மாக் தீட்டா' என்ற புதுவகைக் கணிதச் சார்புகளுக்குக் கறாரான வரையறை இல்லை. 17 உதாரணங்கள் இருந்தன. ஏப்ரலில் அவர் மறைந்தார். அவற்றின் உள்கட்டமைப்பை 2002-இல்தான் ஸ்வேகர்ஸ் என்ற டச்சு ஆய்வாளர் விளக்கினார். வரையறை வரட்டும் என்றிருந்தால் உதாரணங்களும் போயிருக்கும்.

கே: அரைகுறையாக வெளியிட்டுப் பிறகு திருத்தினால் மானம் போகாதா?
– வாசகர், உத்திரமேரூர்

ப: உங்களூர்க் கோயில் சுவரைப் பார்த்துவிட்டுமா இந்தக் கேள்வி? சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலத்தில், 919-இல் வெட்டிய குடவோலைத் தேர்தல் விதிப்படி ஊர்ச்சபை வாரிய உறுப்பினர் வயது 30 முதல் 60. 921-இல் அதையே 35 முதல் 70 என்று திருத்தி வெட்டினார்கள். பழையதைக் கொத்தி எறியவில்லை. இரண்டும் இருப்பதால்தான் சபை தன்னைத் திருத்திக்கொண்டது நமக்குத் தெரிகிறது. மானம் போகவில்லை, ஊருக்குப் பெயர்தான் வந்தது.

கே: என் பழைய நோட்டுகள் பரணில் கிடக்கின்றன. என்ன செய்ய?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், பெருநகர்

ப: ராமானுஜனின் கடைசிக் காலத் தாள்கள் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரி நூலகத்தில் கிடந்தன, 1976-இல் கணித ஆய்வாளர் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் கண்டெடுத்தார். உங்கள் பரணுக்கு ஆண்ட்ரூஸ் வரமாட்டார், கரையான் வரும். இன்றே இறக்குங்கள், பக்கத்துக்கு ஒரு சின்னக் கணக்கைப் போட்டுக்காட்டி, நாலு பேருக்குப் படியெடுத்துக் கொடுங்கள்.