ஆறு மாதம் என்றால் எத்தனை வருடம்?

வலுசக்தி அமைச்சு,
கொழும்பு.

விடயம்: சீனக்குடா எண்ணெய்க் குதங்களின் குத்தகை

மாண்புமிகு அமைச்சுக்கு,

திருகோணமலை மாவட்டத்து மக்களாகிய நாங்கள் முதலில் தங்கள் பொறுமைக்கு வணக்கம் சொல்கிறோம். 2003 பெப்ரவரியில் அரசாங்கமும் பெற்றோலியக் கூட்டுத்தாபனமும் இந்தியாவின் எண்ணெய் நிறுவனத்துக்குச் சொந்தமான லங்கா ஐ.ஓ.சி.யும் ஓர் உடன்படிக்கை செய்தன. எங்கள் சீனக்குடாவின் 99 குதங்களும் ஐ.ஓ.சி.க்கு 35 வருடக் குத்தகைக்கு. குத்தகைப் பத்திரம் ஆறு மாதத்துக்குள் ஒப்பமிடப்படும். அந்த ஆறு மாதம் 2022 ஜனவரி வரைக்கும் முடியவேயில்லை. கீழ்ப்பக்கக் குதங்களில் எண்ணெய் ஏறியது, இறங்கியது. மேல்பக்கக் குதங்களைக் காடு எடுத்துக்கொண்டது. அதனிடமும் பத்திரம் இல்லை.

எங்கள் ஊரில் பாடசாலைக்கு மலசலகூடம் கட்ட வரும் சின்ன ஒப்பந்தக்காரருக்கு ஒப்பமில்லாமல் வேலை பார்க்கும் இந்தச் சலுகை கிடையாது. கேள்விப்பத்திரத்தில் ஒரு கையொப்பம் விடுபட்டாலே அவர் கதை முடிந்தது. ஆகவே எங்கள் மின்சாரக் கட்டணத்துக்கும் தங்கள் நாட்காட்டியையே பாவிக்க அனுமதி தாருங்கள்.

2003 உடன்படிக்கையில் வாடகையும் தாராளம்தான்: 99 குதங்களுக்கும் வருடத்துக்கு ஒரு லட்சம் அமெரிக்க டொலர். பத்தாயிரம் தொன்னுக்கு மேல் கொள்ளும் ஒரு குதத்துக்கு மாதம் 85 டொலரும் தேறவில்லை. வாடகை வீடு தேடும் இளசுகள் இப்போது சீனக்குடாப் பக்கம் கண் வைத்திருக்கிறார்கள்.

2022 ஜனவரி 6இல் ஒருவழியாகப் பேனா கிடைத்தது. ஐ.ஓ.சி.க்கு 14, கூட்டுத்தாபனத்துக்கு 24, இருவரும் சேர்ந்த கம்பனிக்கு 61. குத்தகை 50 வருடம். அரச கொள்வனவுகளைக் கண்காணிக்கும் தேசிய பெறுகை ஆணைக்குழுவை அரசியலமைப்பின் 20ஆம் திருத்தம் 2020 ஒக்டோபரில் இல்லாமலாக்கியது. 21ஆம் திருத்தம் 2022 ஒக்டோபரில் திருப்பிக் கொண்டுவந்தது. காவலாளி லீவில் நின்ற நேரம் பார்த்துக் கைச்சாத்து நடந்ததாக விஷமிகள் சொல்கிறார்கள். குத்தகைக்குக் கொடுப்பது பெறுகை ஆகாது, அதற்கும் ஆணைக்குழுவுக்கும் என்ன சம்பந்தம் என்று தாங்கள் கேட்பீர்கள். நியாயம். அப்படியென்றால் பொதுச் சொத்தை வாங்கும்போது பார்க்க ஓர் ஆணைக்குழு, கொடுக்கும்போது பார்க்க யார்?

2025 ஏப்ரலில் இந்தியாவோடும் ஐக்கிய அரபு அமீரகத்தோடும் சேர்ந்து எங்கள் ஊரை வலுசக்தி மையமாக்கப் புரிந்துணர்வு உடன்படிக்கையும் ஆகிவிட்டது. இந்த முறையாவது ஒப்பந்த வரைவையும் சொத்தின் மதிப்பீட்டையும் ஒப்பமிட முன்னரே மும்மொழியிலும் வெளியிடுங்கள். கணக்காய்வாளர் நாயகமும் பாராளுமன்றத்தின் கோப் குழுவும் பத்திரத்தைப் பார்க்கட்டும். எண்ணெய் பிறகு வரட்டும்.

2022இல் எழுதிய குத்தகை 2072இல் முடியும்போது எங்கள் பேரப்பிள்ளைகள் கணக்குக் கேட்க வருவார்கள். அவர்களுக்கு ஒரு பிரதி எடுத்து வையுங்கள். ஒப்பமிட்ட பிரதியாக இருந்தால் விசேஷம்.

இங்ஙனம்,
ஆறு மாதத்தை இன்னும் எண்ணிக்கொண்டிருக்கும்
திருமலை வாசிகள்