வேலையில்லாதவனின் சீனியாரிட்டி

எங்கள் தெருவில் பி.இ. முடித்தவர்கள் அதிகம். பெண் கேட்கும் இடத்திலும் சரி, டீக்கடை பெஞ்சிலும் சரி, பி.ஏ. வரலாறு படித்த எனக்கு அவர்களுக்குப் பின்னால்தான் இடம். நான் அவர்களை முந்தியது தமிழக அரசின் வேலைவாய்ப்பற்றோர் உதவித்தொகையில் மட்டும்தான். பொறியியல், மருத்துவம் மாதிரியான தொழிற்படிப்புப் பட்டதாரிகளுக்கு அதில் இடம் கிடையாது. அவர்கள் சும்மா இருந்தால் வெறும் சும்மா. நான் சும்மா இருந்தால் அதற்கு ரேட் உண்டு.

பத்தாம் வகுப்பில் பெயிலானவருக்கு மாதம் 200 ரூபாய், பாஸானவருக்கு 300, பிளஸ் டூவுக்கு 400, பட்டதாரிக்கு 600. மூன்று வருடம் தருவார்கள். காலாண்டுக்கு ஒருமுறை மொத்தமாக வங்கியில் விழும். பட்டதாரிக்கு நாளொன்றுக்கு 20 ரூபாய் ஆகிறது. டிகிரி வாங்கியவன் அந்தக் காசோடு கும்பகோணம் போனால், ஒரு டிகிரி காபிக்கே பல கடைகளில் கையிலிருந்து போட வேண்டியிருக்கும்.

அந்தக் காபியும் உடனே கிடைக்காது. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து ஐந்து வருடம் முடிந்திருக்க வேண்டும். 2018இல் பதிந்துவிட்டு வந்து இதைச் சொன்னபோது அம்மா கேட்டாள்: "அஞ்சு வருசம் சும்மா இருந்தாத்தான் சும்மா இருக்கான்னு நம்புவாங்களா? நாங்க அஞ்சாவது நாளே நம்பிட்டமேடா!"

உலகத்துக்கே இந்த வழக்கத்தைத் தொடங்கி வைத்தவர்களில் ஒருவரான பிரிட்டிஷ்காரர் 1911இல் சட்டம் போட்டார். கப்பல் கட்டுவது, கட்டட வேலை மாதிரி சில தொழில்களுக்கு வேலையிழப்புக் காப்பீடு. வாரம் 7 ஷில்லிங். முதல் ஒரு வாரம் மட்டும் காத்திருக்க வேண்டும். அங்கே ஒரு வாரம், இங்கே ஐந்து வருடம். ஆனால் அங்கே தொழிலாளியின் கூலியில் சந்தா பிடித்தார்கள், நாம் ஒரு பைசா கட்டவில்லை என்பதையும் நியாயத்துக்காகச் சொல்லிவிடுகிறேன்.

இந்த ஐந்து வருடமும் பதிவு உயிரோடு இருக்க வேண்டும். மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்காவிட்டால் சீனியாரிட்டி போய்விடும். ஆமாம், வேலையில்லாதவனுக்கும் சீனியாரிட்டி உண்டு. 2022இல் மாநிலம் முழுக்க 60 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பதிந்துவிட்டு அந்த வரிசையில் நின்றார்கள். பேராவூரணிப் பக்கத்தில் எங்களுக்கு 2018 நவம்பரில் கஜா புயல் வந்து தென்னந்தோப்புகளை எல்லாம் படுக்க வைத்துவிட்டது. ஓடு பறந்த வீட்டில் அப்பா பத்திரத்தைத் தேடினார், அம்மா ரேஷன் கார்டைத் தேடினாள், நான் பதிவு அட்டையைத் தேடினேன். "எதைத் தேடுறான் பாரு" என்றார் சித்தப்பா.

ஐந்து வருடம் நான் நிஜமாகவே சும்மா இருந்தேனா என்று கேட்டால், டெல்டாவில் யாரும் அப்படி இருக்க முடியாது. நாற்றுக்கட்டு தூக்குவது, டியூஷன் எடுப்பது, கொள்முதல் நிலைய வாசலில் அப்பாவின் நெல்லுக்கு ராத்திரிக் காவல், ஊர்க்காரர்களுக்கு மனு எழுதுவது, நடுவில் குரூப் 4. இதில் எதற்கும் சம்பளச் சீட்டு கிடையாது. ஆகவே சட்டப்படி நான் சும்மாதான் இருந்தேன்.

2024 ஜனவரியில் விண்ணப்பத்தைக் கையில் எடுத்தேன். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 72,000 ரூபாய்க்குள் இருப்பதாக வி.ஏ.ஓ.வும் ஆர்.ஐ.யும் கையெழுத்துப் போட்டு முத்திரை வைக்க வேண்டும். அது சம்பா அறுவடைக் காலம். கொள்முதல் நிலையத்தில் நெல் போட அடங்கல் வேண்டும் என்று ஊரே வி.ஏ.ஓ.வைச் சுற்றி நின்றது. விளைந்தவன் வரிசைக்குப் பின்னால் நான் ஒருவன் விளையாததற்குச் சான்று கேட்டு நின்றேன்.

எங்களுக்கு இரண்டு ஏக்கர். 40 குவிண்டால் போட்டிருந்தார் அப்பா. சன்ன ரகத்துக்கு அந்தப் பருவத்தில் அரசு விலை குவிண்டாலுக்கு 2,310 ரூபாய். பெருக்கினால் 92,400. வி.ஏ.ஓ. பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"தம்பி, இது 72,000த்தைத் தாண்டுதே?"

"சார், அது நெல்லு வித்த காசு. உழவு, நடவு, உரம், அறுவடை மெஷின் வாடகை எல்லாம் கழிக்கணும்ல?"

"கழிச்சா எவ்வளவு நிக்கும்?"

"கழிச்சா கடன்தான் நிக்கும். அதுக்கு சர்டிபிகேட் தருவீங்களா?"

வி.ஏ.ஓ. சிரித்துவிட்டார். அவர் வீட்டிலும் நிலம் இருந்தது. கையெழுத்துக் கிடைத்தது.

விண்ணப்பம் ஏற்கப்பட்டது, பணம் மட்டும் வரவில்லை. விசாரித்தால் "அனுப்பியாச்சு" என்றது ஒரு ஜன்னல். "வரலியே" என்றது இன்னொரு ஜன்னல். கல்லணைக் கால்வாயின் கடைமடைக்காரனான எனக்கு இது பிறந்ததிலிருந்தே பழக்கம். மேட்டூரில் மதகு தூக்கிய அன்றே பேப்பரில் படம் வந்துவிடும். எங்கள் வாய்க்காலில் அப்போதும் ஆடுதான் மேய்ந்துகொண்டிருக்கும். அந்த வருடம் ஜூன் 12க்குத் திறக்க அணையில் தண்ணீரே இல்லை, ஜூலை 28இல்தான் திறந்தார்கள். அதனால் வீட்டில் தினமும் இரண்டு கேள்விகள் ஓடின. அப்பாவைப் பார்த்து "தண்ணி வந்துச்சா?", என்னைப் பார்த்து "காசு வந்துச்சா?" முதல் கேள்விக்குத்தான் முதலில் பதில் வந்தது.

சித்தப்பா சொல்படி திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் மனு கொடுத்தேன். மற்றவர்களுக்கு எழுதிப் பழகிய கை. "ஐயா, வணக்கம்" என்று ஆரம்பித்து "கருணை கூர்ந்து" வரைக்கும் தானாக ஓடியது. பதிலும் வந்தது. என் பாஸ்புக்கின் முதல் பக்கத்தில் இருந்த ஐ.எஃப்.எஸ்.சி. கோடு செத்துப்போய்விட்டதாம். 2020 ஏப்ரலில் பத்துப் பொதுத்துறை வங்கிகளை நான்காக இணைத்தார்கள் அல்லவா, அதில் என் பள்ளிக்கூடக் காலத்துக் கணக்கு இருந்த வங்கியும் வேறொன்றுக்குள் போய்விட்டது. பலகை மாறியது, கோடு மாறியது. பாஸ்புக் மட்டும் மாறவில்லை. முன்பே புதியது கேட்டிருந்தேன். "இதுல இன்னும் பக்கம் இருக்கே தம்பி, தீரட்டும்" என்றார்கள். வரவே இல்லாத கணக்கில் பக்கம் எப்படித் தீரும்?

புதுப் பாஸ்புக் வாங்கி நகல் கொடுத்த பிறகு பணம் விழுந்தது. அம்மா கேட்ட முதல் கேள்வி, "இத வாங்க எவ்வளவுடா செலவு பண்ணே?" பஸ், ஜெராக்ஸ், போட்டோ, டீ எல்லாம் கூட்டிப் பார்க்க வேண்டாம் என்று நானே முடிவு செய்துவிட்டேன். அது அப்பாவின் நெல் கணக்கு மாதிரி ஆகிவிடும்.

இதோடு முடிந்ததா என்றால், இல்லை. வருடத்துக்கு ஒருமுறை, இன்னும் வேலை கிடைக்கவில்லை என்று சுய உறுதிமொழி எழுதிக் கொடுக்க வேண்டும். முதல் தடவை அதை எழுதியபோது அப்பா எட்டிப் பார்த்துவிட்டு, "இதுல மட்டும் அடித்தல் திருத்தல் இல்லாம அழகா எழுதுறான்" என்றார்.

திட்டத்தைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. இரண்டு தேர்வு விண்ணப்பமும் ஒரு பொது அறிவுப் புத்தகமும் அந்தக் காசில்தான் வாங்கினேன். ஆனால் ஐந்து வருடக் காத்திருப்பு மட்டும் எனக்குப் புரியவில்லை. 21 வயதில் படித்து முடித்தவனுக்குக் கை கொடுக்க வேண்டிய நேரம் 21, 22தான். 26இல் அவன் திருப்பூருக்கோ சிங்கப்பூருக்கோ போயிருப்பான். போகாதவன் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் பழகியிருப்பான். இதே திட்டத்தில் மாற்றுத்திறனாளிகள் பதிந்து ஒரு வருடம் ஆனாலே போதும் என்று அரசே விதி வைத்திருக்கிறது. அந்த ஒரு வருடத்தை எல்லோருக்கும் ஆக்கிக் கொடுங்கள். 600 ரூபாயைக் கூட்டுவதைப் பற்றி அப்புறம் பேசிக்கொள்ளலாம்.