பஜ்ஜி எண்ணெயும் மரச்சீவலும்: கேள்வி-பதில்

கேள்வி: பஜ்ஜி எண்ணெயில் காய்ச்சிய பயோடீசலை மரச்சீவலில் வடித்தால் சுத்தமாகிவிடுமாமே? உண்மையா, வாட்ஸ்அப்பா? (வாசகர், சானமாவு)

பதில்: பாதி உண்மை, மீதி வாட்ஸ்அப். எண்ணெயோடு மெத்தனாலும் காஸ்டிக் சோடாவும் சேர்த்துச் சூடாக்கிக் கலக்கினால் கிளிசரின் அடியில் தங்கும், பயோடீசல் மேலே நிற்கும். மேலே நிற்பதிலும் சோப்பும் கொஞ்சம் கிளிசரினும் கலந்திருக்கும். காய்ந்த சீவல் அடைத்த டிரம் வழியாக மெதுவாக இறக்கினால் அவை சீவலில் ஒட்டிக்கொள்ளும். அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் கொல்லைப்புறத்தில் காய்ச்சுகிறவர்கள் பல வருஷமாகச் செய்வதுதான். வாட்ஸ்அப் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு: மெத்தனாலை முதலில் பிரித்தெடுக்க வேண்டும். அது இருக்கிறவரை சோப்பு கரைந்தே கிடக்கும்; சீவலுக்கு டாட்டா காட்டிவிட்டு நேராக இன்ஜினுக்குப் போகும்.

கேள்வி: தண்ணீர் விட்டுக் கழுவினால் போகாதா? (பாகலூர்)

பதில்: நன்றாகவே போகும். அந்தச் சோப்புத் தண்ணீரை எங்கே விடுவீர்கள்? கெலவரப்பள்ளி அணைக்கு வேண்டிய நுரையைப் பெங்களூரே அனுப்பிக்கொண்டிருக்கிறது.

கேள்வி: சிப்காட் பக்கம் பேக்கிங் பெட்டி அடிக்கிற பட்டறையில் சீவல் சும்மா கிடைக்கிறது. அள்ளலாமா? (ஓசூர்)

பதில்: பார்த்து அள்ளுங்கள். பிளைவுட்டில் பசை, பைன் கட்டையில் பிசின். பயோடீசல் சும்மா இருக்காது, இரண்டையும் கரைக்கப் பார்க்கும். ரம்பத்தூள் அடைத்துக்கொள்ளும். தச்சர் இழைக்கும்போது சுருள் சுருளாக விழுகிற கெட்டி மரச்சீவல்தான் சரி. அதையும் வெயிலில் நன்றாகக் காயவையுங்கள்.

கேள்வி: சீவலில் வடித்தும் பம்ப்செட் புகை கக்குகிறதே? (சூளகிரி)

பதில்: எண்ணெய் முழுசாக மாறியிருக்காது. மாறாத எண்ணெயைச் சீவல் தொடவே தொடாது. 27 மில்லி மெத்தனாலில் உங்கள் சரக்கு 3 மில்லி விட்டுக் குலுக்குங்கள். அடியில் எண்ணெய் இறங்கினால் காய்ச்சியதே அரைகுறை. பாவம், சீவல் மேல் பழி போடாதீர்கள்.

கேள்வி: மார்கழியில் கேனோடு உறைந்து நெய் மாதிரி ஆகிவிட்டது! (தளி)

பதில்: பஜ்ஜிக் கடைக்காரர் பாமாயில் ஊற்றியிருக்கிறார். பாமாயில் பயோடீசல் சுமார் 15 டிகிரியிலேயே கலங்க ஆரம்பிக்கும். உங்கள் ஊர்க் குளிருக்கு அது தாங்காது.

கேள்வி: மெத்தனால் எங்கே வாங்குவது? (பெயர் வேண்டாம், கெலமங்கலம்)

பதில்: பெயர் வேண்டாம் என்றபோதே உங்களுக்கு விடை தெரியும். தமிழ்நாட்டில் மெத்தனால் வைத்திருக்க உரிமம் வேண்டும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60 பேருக்கு மேல் செத்தது மெத்தனால் கலந்த சாராயத்தால். குடித்தால்தான் ஆபத்து என்றும் நினைக்காதீர்கள். ஆவியை மூச்சில் இழுத்தாலும் கெடுதி. சுமார் 65 டிகிரியில் கொதித்து ஆவியாகும், பற்றினால் பகலில் தீ கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. சமையலறை அடுப்பில் இந்த வேலை கூடவே கூடாது.

கேள்வி: எண்ணெய் ஊறிய பழைய சீவலை என்ன செய்வது? யானை வந்துவிடுமா? (உத்தனப்பள்ளி)

பதில்: யானை ராகிக்கு வரும், சோப்புக்கு வந்ததாகக் கேள்விப்பட்டதில்லை. பயப்பட வேண்டியது தீக்கு. எண்ணெய்ச் சீவலைக் குவித்து வைத்தால் உள்ளுக்குள் சூடேறித் தானாகவே பற்றிக்கொள்ளலாம். மூடியுள்ள இரும்பு டிரம்மில், வீட்டுக்குத் தள்ளி வையுங்கள்.

கேள்வி: மொத்தத்தில் செய்யலாமா, வேண்டாமா? (கிருஷ்ணகிரி)

பதில்: உரிமமும், காற்றோட்டமான கொட்டகையும், பழைய டீசல் பம்ப்செட்டும் இருந்தால் செய்யுங்கள். ரப்பர் குழாய்களை மட்டும் அடிக்கடி பாருங்கள், பயோடீசல் அவற்றை ஊறவைத்துக் கெடுக்கும். மற்றவர்கள் எண்ணெயைச் சேகரிப்போரிடம் விற்றுவிடலாம். அதற்காகவே மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் ‘ரூகோ’ திட்டத்தைத் தொடங்கியது. அடுத்த ஈட்டுப் பஜ்ஜிக்கு மட்டும் அந்த எண்ணெயையே ஊற்றாதீர்கள்.