வாந்திக்குப் பயந்த ஸ்தபதி

ஆங் மோ கியோ என்ற எங்கள் பேட்டையின் பெயரில், ஆங் மோ என்றால் செம்பட்டைத் தலை, அதாவது வெள்ளைக்காரன். கியோ என்றால் பாலம். (பாலமாவது ஒன்றாவது, ஆங் மோ கியோ என்றால் தக்காளி என்று சாதிக்கும் ஹொக்கியன் பெரியவர் எங்கள் கோப்பிக் கடைக்குத் தினமும் வருகிறார்.) பாலம் எங்கே என்று யாருக்கும் தெரியாது. ஆனால் அப்பர் தாம்சன் சாலையைத் தாண்டினால், செம்பட்டைத் தலை கொண்டுவந்த ஆட்டத்துக்கான புல்வெளி பளபளவென்று இருக்கிறது. வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்க மெம்பர்ஷிப் வேண்டாம்.

கோல்ஃப் பிரியர்களிடம் மட்டும் ‘உயர்ந்த மைதானம் எது?’ என்று கேட்டுவிடாதீர்கள். பஸ் போய்விடும். மண்ணோடு பேச வேண்டுமாம், காற்றின் குணம் தெரிய வேண்டுமாம், ஸ்தபதி அந்த மேட்டில் பலநாள் நடந்திருக்க வேண்டுமாம். வாஸ்து நிபுணர் தோற்றார்!

சிங்கப்பூரின் முதல் மைதானத்துக்கு இந்தப் பிக்கல் எதுவும் இல்லை. 1891இல் நீதிபதி கோல்ட்னி முன்னின்று தொடங்கிய கிளப் அது. ஒன்பதே குழிகள், அதுவும் குதிரைப் பந்தயத் திடலில். இன்று நாம் மீன்தலைக் கறிக்குக் கியூ நிற்கும் ரேஸ் கோர்ஸ் சாலைப் பக்கம்தான். எது கோல்ஃப் குழி, எது குளம்புக் குழி என்று நீதிபதி எப்படித் தீர்ப்புச் சொல்லியிருப்பார்? என் நெடுநாள் கவலை இது.

1924இல் கிளப்புக்கு ஆசை பெரிதானது. மெக்ரிட்சி நீர்த்தேக்கம் பக்கம் போனார்கள். அங்கே புக்கிட் என்ற மைதானத்தை வரைந்து தர ஸ்காட்லாந்தின் ஜேம்ஸ் பிரெய்டைப் பிடித்தார்கள். லேசுப்பட்ட ஆளில்லை. தச்சு வேலை பழகியவர், பிரிட்டிஷ் ஓப்பனை ஐந்து தடவை ஜெயித்தவர். ஒரே ஒரு சிக்கல்: பயணம் என்றாலே மனிதருக்குக் குமட்டும்.

அதனால் அவர் வரவேயில்லை. வரைபடம் மட்டும் கப்பலேறி வந்தது. அதற்கு வாந்தி வராதில்லையா? மண்ணோடு பேசவில்லை, காற்றைக் கேட்கவில்லை. ஒரே ஒரு கொசுக்கடிகூட வாங்காமல், மேஜையில் குனிந்தபடியே பதினெட்டுக் குழிகளையும் போட்டுத் தந்துவிட்டார். மதுரையில் உட்கார்ந்தபடி கூகுள் மேப்பைப் பார்த்து உங்கள் ஃபிளாட்டுக்கு ஒருவர் கிச்சன் ரெனோவேஷன் செய்தால், வீட்டில் விடுவார்களா? அங்கே விட்டார்கள். 1969இல் கோல்ஃப் உலகக் கோப்பையே அங்கு நடந்தது. டிரெவினோவும் மூடியும் அமெரிக்காவுக்காகக் கோப்பையைத் தூக்கிப் போனார்கள். ‘டிசைனர் நேரில் பார்த்தாரா?’ என்று கேட்டுத் திருப்பிக் கொடுத்ததாகத் தகவல் இல்லை.

மைதானத்தின் புனிதத்தில் கிளப்காரர்களுக்கு இருந்த பக்தியே தனி. ஜப்பானியப் படை நெருங்கும் நேரம், கோல்ஃப் கிளப்பை அரணாக்க வேண்டும் என்று ராணுவம் கேட்டதாம். ‘கமிட்டியைக் கூட்டித்தான் சொல்ல முடியும்’ என்றாராம் செயலாளர். போர்க்கதைகளில் வழிவழியாக வரும் சங்கதி. 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூரே விழுந்தது. ஜப்பானியருக்கு எந்தக் கமிட்டியும் தேவைப்படவில்லை.

இத்தனையையும் நேற்று கோப்பிக் கடையில் மூச்சு வாங்கச் சொல்லி முடித்து, “இப்போ நீங்களே சொல்லுங்கண்ணே, எது உயர்ந்த மைதானம்?” என்றேன். கடைக்கார அண்ணன் தே தாரிக்கை ஆற்றியபடி யோசித்தார்.

“பழைய கெப்பல் கிளப்தான்.”

அசந்துபோனேன். பங்கரா, புல்லா, கடற்காற்றா?

“அங்கே ஆயிரக்கணக்குல வீடு வருதாம். அதுல பெரும்பாலானது வீவக. பையனுக்கு பிடிஓ போட்டிருக்கலாம்னு பாக்கறேன்.”